ஃபோனின் அஞ்சறைப்பெட்டி: கஸ்டம் ரோம், கெர்னல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்கள் பழைய ஃபோனைக் கொண்டுவந்து நீட்டி, "இதுல கஸ்டம் ரோம் போட்டுத் தர்றியா?" என்று கேட்பார்கள். நான் பதிலுக்கு, "எந்தப் பார்ட்டிஷன்ல கை வைக்கப்போறோம்னு தெரியுமா?" என்பேன். பாதிப் பேர் அத்தோடு ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். மீதிப் பேர் கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை. நான் தொழில்முறை டெவலப்பர் இல்லை. பத்துப் பன்னிரண்டு ஃபோன்களை மாற்றியிருக்கிறேன், அதில் இரண்டைக் கெடுத்தும் இருக்கிறேன்.

ரோம், கெர்னல், ரெக்கவரி, ரூட் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. எல்லாரும் கலந்தடித்துப் பேசுவதால் அப்படித் தோன்றுகிறது.

ஃபோனின் சேமிப்பகம் ஒரே டப்பா இல்லை, அஞ்சறைப்பெட்டி மாதிரி. உள்ளே தனித்தனிக் கிண்ணங்கள். இந்தக் கிண்ணங்களைத்தான் பார்ட்டிஷன் என்கிறோம். 'பூட்' என்ற கிண்ணத்தில் கெர்னலும், அதோடு ஃபோன் எழும்போது முதலில் தேவைப்படும் கோப்புகள் அடங்கிய ரேம்டிஸ்க் என்ற சின்ன மூட்டையும் இருக்கும். 'சிஸ்டம்' கிண்ணத்தில் ஆண்ட்ராய்டு. 'வெண்டர்' கிண்ணத்தில் கேமரா, மோடம், கைரேகை சென்சார் போன்ற வன்பொருளோடு பேசுவதற்காக ஃபோன் கம்பெனியும் சிப் கம்பெனியும் கொடுத்த மென்பொருள். 'டேட்டா' கிண்ணத்தில் உங்கள் ஆப்களும் அவற்றின் தகவல்களும் படங்களும். 'ரெக்கவரி' என்பது ஆண்ட்ராய்டு ஏறாதபோதும் ஃபோனைத் தொட்டுப் பார்க்க வழி தரும் ஒரு குட்டி அமைப்பு.

கஸ்டம் ரோம் என்பது கம்பெனி தந்ததற்குப் பதிலாக வேறொருவர் கட்டிய ஆண்ட்ராய்டு. அதைப் போடும்போது முக்கியமாகச் சிஸ்டம் கிண்ணத்தை மாற்றுகிறோம். பெரும்பாலும் பூட்டும் கூடவே மாறும், சில நேரம் வெண்டரும். கஸ்டம் கெர்னல் என்றால் பூட் கிண்ணத்தில் பாதியை மட்டும் மாற்றுகிறோம். ரூட் என்பது ஆப்களுக்கு முழு அதிகாரம் தரும் வழி. அதற்காக ரோமையே மாற்ற வேண்டியதில்லை.

'ரோம்' என்ற பெயரே ஒரு குழப்பம். 'படிக்க மட்டும்' என்று பொருள்படும் பழைய கணினிச் சொல் அது. நாம் செய்வதோ அதில் எழுதுவது. கடையில் '4 ஜிபி ரேம், 64 ஜிபி ரோம்' என்று ஒட்டியிருப்பார்களே, அது சேமிப்பகத்தின் அளவு. இங்கே பேசும் ரோம் வேறு.

கெர்னல் அப்படி என்னதான் செய்கிறது?

திரையில் விரலை வைக்கிறீர்கள். கண்ணாடிக்கு அடியில் உள்ள டச் சிப் அதை உணர்ந்து பிராசசரைத் தட்டி எழுப்புகிறது. தட்டியதும் முதலில் எழுந்து பதில் சொல்வது கெர்னல். அதற்குள் இருக்கும் டச் டிரைவர், "இந்த இடத்தில் ஒரு விரல்" என்று சிப்பிடம் கேட்டு வாங்கி ஆண்ட்ராய்டிடம் நீட்டுகிறது. எந்த ஆப் மேலே இருக்கிறது, அந்த இடத்தில் என்ன பட்டன் இருக்கிறது என்பதெல்லாம் ஆண்ட்ராய்டின் கவலை. இதற்கிடையில், "பயனர் தொட்டுவிட்டார், பிராசசரைக் கொஞ்சம் வேகமாக ஓடவிடு" என்று முடிவெடுக்கும் இடத்திலும் கெர்னல்தான் இருக்கிறது. பட்டன் அழுத்தி ஒரு படம் திறந்தால், சேமிப்பகத்திலிருந்து அதைப் படித்துத் தருவதும், ரேமில் இடம் ஒதுக்குவதும் அதன் வேலை.

அதனால் ஐகான் அழகாக இல்லை, நோட்டிஃபிகேஷன் பார் பிடிக்கவில்லை என்றால் அது ரோம் விஷயம். டச் தாமதமாகிறது, சும்மா வைத்தாலும் சூடாகிறது, சார்ஜ் மெதுவாக ஏறுகிறது என்றால் கெர்னல் பக்கம் பார்க்கலாம். எல்லாச் சூட்டுக்கும் கெர்னல் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஒரே ஒரு கெட்ட ஆப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆண்ட்ராய்டின் கெர்னல், 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே லினக்ஸ்தான். செட்டிங்ஸில் 'அபவுட் ஃபோன்' போய்ப் பார்த்தால் 4.14, 5.10, 6.1 என்று ஒரு எண் தெரியும். ஆண்ட்ராய்டு பதிப்பும் கெர்னல் பதிப்பும் ஒன்றோடொன்று ஒட்டியவை அல்ல. ஆண்ட்ராய்டு 13 ஓடும் ஒரு ஃபோனில் 4.14 கெர்னல் இருப்பது சாதாரணம்.

என் ஃபோனுக்குக் கஸ்டம் ரோம் கிடைக்குமா?

இதற்குத்தான் நீளமான பதில் வேண்டும். ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான்.

முதலில் ஃபோனின் கோட்நேமை, அதாவது அந்த மாடலுக்குக் கம்பெனி உள்ளுக்குள் வைத்த பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். விற்பனைப் பெயரை நம்பாதீர்கள். ரெட்மி நோட் 4 என்ற பெயரில் இரண்டு ஃபோன்கள் உண்டு. 2016-ல் சீனாவில் முதலில் வந்தது மீடியாடெக் ஹீலியோ எக்ஸ்20 சிப் கொண்டது, அதன் கோட்நேம் நிக்கல். 2017 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது ஸ்னாப்டிராகன் 625 கொண்டது, கோட்நேம் மிடோ. ஒன்றுக்கான கோப்பை இன்னொன்றில் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மிடோவுக்கு வந்த ரோம்களுக்குக் கணக்கே இல்லை. ஆண்ட்ராய்டு 6-ல் பிறந்து, கம்பெனி 7-ஓடு கைவிட்ட அந்த ஃபோனை, பல நாட்டுப் பையன்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 10, 11 என்று இழுத்துக்கொண்டு போனார்கள்.

சில ஃபோன்களுக்கு மட்டும் இது எப்படி நடக்கிறது? ஒரு ரோம் கட்ட மூன்று பொருள் வேண்டும். ஆண்ட்ராய்டின் மூலநிரல், அதைக் கூகுள் பொதுவில் வெளியிடுகிறது. அந்த ஃபோனுக்கான கெர்னல் மூலநிரல். லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் பதிப்பு 2 உரிமத்தில் இருப்பதால், ஃபோன் விற்கிற கம்பெனி இதைக் கேட்பவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். மூன்றாவது, வெண்டர் கோப்புகள். இவற்றுக்கு மூலநிரல் கிடையாது, இருக்கிற ஃபோனிலிருந்து அப்படியே உருவி எடுப்பார்கள்.

சிக்கல் இரண்டாவதில். உரிமம் என்ன சொன்னாலும் கெர்னல் மூலநிரலைத் தராத, அல்லது தாமதமாகவும் அரைகுறையாகவும் தரும் கம்பெனிகள் நிறைய. அது இல்லாமல் டெவலப்பர் என்ன செய்வார்? பழைய கெர்னலையே அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஆண்ட்ராய்டை மட்டும் மாற்றுவார். கொஞ்ச நாள் ஓடும், பிறகு நின்றுபோகும். குவால்காம் சிப் கொண்ட ஃபோன்களுக்கு ரோம் அதிகம் கிடைப்பதற்குப் பெரிய காரணம், அந்தச் சிப்களின் கெர்னல் நிரல் பொதுவில் கிடைப்பதுதான். மீடியாடெக் என்றால் கெட்டது என்று அர்த்தமில்லை. நிரல் கைக்கு வருவது குறைவு, அவ்வளவே.

ரோம் கட்டித் தரும் சமையல்காரர் (டெவலப்பர்) யாரும் இல்லாத ஃபோன் என்றால்?

ஜிஎஸ்ஐ என்ற பொதுச் சிஸ்டம் இமேஜை முயன்று பார்க்கலாம். 2017-ல் ஆண்ட்ராய்டு 8-ஓடு டிரெபிள் என்ற ஏற்பாடு வந்தது. அதற்கு முன் சிஸ்டமும் வெண்டரும் ஒரே கிண்ணத்தில் கலந்துகிடந்தன. டிரெபிள் நடுவில் ஒரு தடுப்பு வைத்தது. அதனால் வெண்டரையும் கெர்னலையும் தொடாமல் சிஸ்டத்தை மட்டும் மாற்ற முடிகிறது. ஃபோன் கம்பெனியின் வெண்டர் சரியாக எழுதப்படாமல் இருந்தால் கைரேகையோ புளூடூத் ஒலியோ போகும். பொழுதுபோக்குக்குச் சரி. தினசரி ஃபோனுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

பூட்லோடர் திறப்பது என்றால் என்ன? ஏன் எல்லாம் அழிகிறது?

ஃபோனை ஆன் செய்ததும் முதலில் எழுவது பூட்லோடர். பூட் கிண்ணத்தில் இருப்பது கம்பெனி கையெழுத்திட்ட கெர்னல்தானா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். திறப்பது என்றால், "கையெழுத்து இல்லாவிட்டாலும் விடு" என்று சொல்வது. இனி ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஆரஞ்சு நிறத்தில் ஓர் எச்சரிக்கை வரும். அது பிழை இல்லை.

திறக்கும்போது டேட்டா கிண்ணம் முழுதாகத் துடைக்கப்படும். இது தண்டனை இல்லை, பாதுகாப்பு. இல்லாவிட்டால், ஃபோனைத் திருடியவன் பூட்லோடரைத் திறந்து வேறு கெர்னலை ஏற்றி உங்கள் படங்களை எடுத்துக்கொண்டு போய்விடலாம். தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்: மெமரி கார்டில் இருப்பது பொதுவாகத் தப்பும், உள்சேமிப்பில் இருக்கும் கல்யாண ஆல்பம் தப்பாது.

எல்லாக் கம்பெனியும் திறக்க விடாது. கூகுள் பிக்சலில் எளிது. ஷாவ்மியில் கணக்கை இணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்; பல மாடல்களில் 168 மணி நேரம், அதாவது ஏழு நாள். ஹுவாவே 2018-ல் திறப்புக் குறியீடு தருவதையே நிறுத்தியது. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த பிக்சல் என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது வெரைசான் என்ற அமெரிக்க சிம் கம்பெனி வழியாக விற்ற ஃபோனாக இருந்தால், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' மங்கலாகத்தான் தெரியும், அழுத்தினாலும் நகராது. அதற்குப் பொதுவாக வழி இல்லை.

கெர்னலை மட்டும் மாற்றலாமா? ரோம் அப்படியே இருக்கட்டும்.

மாற்றலாம். ஆனால் அந்தக் கெர்னல் உங்கள் ரோமுக்காகக் கட்டியதாக இருக்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி. பேட்டரி நன்றாக நிற்கும் என்று யாரோ புகழ்ந்த கெர்னலை என் ஃபோனில் ஏற்றினேன். ஃபோன் ஆன் ஆனது, டச் வேலை செய்தது, அழைப்பு போனது. ஆஹா என்றிருந்தது. வைஃபை பட்டனை அழுத்தினேன். ஒரு நொடி நீலமாகி மறுபடி சாம்பல் நிறத்துக்குப் போனது. மறுபடி அழுத்தினேன், மறுபடி சாம்பல். ரோமைக் குறை சொல்லி, ரூட்டரைக் குறை சொல்லி, இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

காரணம் இதுதான். அந்த ஃபோனில் வைஃபை டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இல்லை. மாட்யூல் என்ற தனிக் கோப்பாக வேறு பார்ட்டிஷனில் இருந்தது. ஒவ்வொரு மாட்யூலிலும் அது எந்தக் கெர்னலோடு சேர்த்துக் கட்டப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். புதுக் கெர்னல் அந்தக் குறிப்பைப் பார்த்து, "நீ என் வீட்டுப் பிள்ளை இல்லை" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டது. நான் ஏற்றியது அந்த ஃபோனுக்கான கெர்னல்தான், ஆனால் வேறொரு ரோமுக்கானது. பழைய பூட் இமேஜின் (பூட் கிண்ணம் முழுவதையும் அடக்கிய கோப்பு) நகல் கையில் இருந்ததால் இரண்டே நிமிடத்தில் திரும்பினேன். இல்லாவிட்டால் முழு ரோமையும் மறுபடி ஏற்றியிருக்க வேண்டும்.

இதிலிருந்து இரண்டு பழக்கம். கெர்னல் மாற்றும் முன் அப்போதிருக்கும் பூட் இமேஜின் நகலைக் கணினியில் வைத்துக்கொள்வேன். முழுப் பூட் இமேஜாகக் கிடைக்கும் கெர்னல் என்றால், பல ஃபோன்களில் ஏற்றாமலே ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்க, கணினியிலிருந்து பூட்லோடரோடு பேசும் ஃபாஸ்ட்பூட் என்ற கருவியில் 'பூட்' கட்டளை உண்டு. பிடிக்கவில்லையா, ஃபோனை ரீஸ்டார்ட் செய்தால் பழையது திரும்பிவிடும்.

கெர்னல் ஜிப்களில் பலவும் எனிகெர்னல் என்ற கருவியில் கட்டியவை. பூட் இமேஜைப் பிரித்து, ரேம்டிஸ்க்கைத் தொடாமல், கெர்னலை மட்டும் மாற்றி மறுபடி கட்டிவிடும். அதனால்தான் ரேம்டிஸ்க்கில் உட்காரும் மேஜிஸ்க் என்ற கருவியால் ரூட் செய்திருந்தாலும் கெர்னல் மாற்றிய பிறகு ரூட் பெரும்பாலும் போகாமல் இருக்கிறது.

கவர்னர், ஓவர்கிளாக், அண்டர்வோல்ட். இதெல்லாம் பேட்டரியைக் காக்குமா?

கவர்னர் என்பது பிராசசர் எவ்வளவு வேகத்தில் ஓடவேண்டும் என்று தீர்மானிக்கும் கெர்னல் பகுதி. பழைய ஃபோன்களில் 'இன்டராக்டிவ்', 'ஆன்டிமாண்ட்' என்று பல இருந்தன, ஒவ்வொன்றிலும் முடுக்க இருபது திருகாணி. அப்போது கெர்னல் மாற்றினால் நிஜமாகவே வித்தியாசம் தெரிந்தது. 2016-ல் லினக்ஸ் 4.7-ல் 'ஷெட்யூட்டில்' என்ற கவர்னர் வந்தது. எந்த வேலையை எந்தக் கோரில் போடுவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலரிடமே சுமை எவ்வளவு என்று கேட்டு வேகத்தை மாற்றுகிறது. இப்போது ஆண்ட்ராய்டில் பொதுவாக இருப்பது இதுதான். அதை வெளியிலிருந்து திருகி வெல்வது கஷ்டம்.

ஓவர்கிளாக் என்றால் பிராசசரைக் கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. செய்தால் சூடாகும். சூடானதும் கெர்னலே வேகத்தைக் குறைக்கும். கையில் தோசைக்கல் பிடித்துக்கொண்டு விளையாடுவதுதான் மிச்சம். அண்டர்வோல்ட் கொஞ்சம் நியாயமானது. அதே வேகத்துக்குக் குறைந்த மின்னழுத்தம் கொடுப்பது. ஆனால் ஒரே மாடலில் இரண்டு சிப்களுக்குத் தாங்கும் அளவு வேறுபடும். நண்பன் ஃபோனில் ஓடிய எண் உங்கள் ஃபோனில் பாட்டு கேட்கும் நடுவே ரீபூட் ஆக்கும்.

என் அனுபவத்தில் பேட்டரி உயர்ந்தது ஒரே வழியில்: ரோம் மாறும்போது ஃபோன் கம்பெனி திணித்த இருபது ஆப் காணாமல் போவதால். அந்தப் பெருமையைக் கெர்னல் எடுத்துக்கொள்கிறது.

லீனியேஜ்ஓஎஸ் என்கிறார்களே, அது என்ன?

கஸ்டம் ரோம்களின் பெரிய குடும்பம். 2009-ல் ஸ்டீவ் கோண்டிக், உலகின் முதல் ஆண்ட்ராய்டு ஃபோனான எச்டிசி டிரீமுக்காகச் சயனஜென்மாட் என்பதைத் தொடங்கினார். அதே ஆண்டு, கூகுளின் ஆப்களை உள்ளே வைத்துத் தரக்கூடாது என்று கூகுள் நோட்டீஸ் அனுப்பியது. இன்றும் பல ரோம்களில் ப்ளே ஸ்டோரைத் தனி ஜிப்பாக ஏற்ற வேண்டியிருப்பதன் தொடக்கம் அங்கேதான். பின்னால் அது கம்பெனியாகி, 2016 டிசம்பரில் மூடப்பட்டது. அதே மாதம் சமூகம் அதைக் கையிலெடுத்து வைத்த பெயர்தான் லீனியேஜ்.

ப்ளே ஸ்டோர் ஜிப்பை ரோம் ஏற்றியவுடன், முதல்முறை ஆன் செய்யும் முன்பே ஏற்றிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுபடி டேட்டாவைத் துடைக்க வேண்டி வரும்.

ரூட் வேண்டுமா, வேண்டாமா?

ரோம் மாற்றியதால் ரூட் தானாக வராது. ரூட் இல்லாமலே சந்தோஷமாக இருக்கலாம்.

வேண்டும் என்றால் இப்போது முக்கியமாக இரண்டு வழி. ஜான் வூ 2016-ல் வெளியிட்ட மேஜிஸ்க், சிஸ்டம் கிண்ணத்தைத் தொடாமல் பூட் இமேஜின் ரேம்டிஸ்க்கில் மட்டும் தையல் போடும். ஆண்ட்ராய்டு 13-ஓடு பிறந்த பல ஃபோன்களில் அந்த ரேம்டிஸ்க் 'இனிட் பூட்' என்ற தனிக் கிண்ணத்துக்குப் போய்விட்டது. பழைய வீடியோவைப் பார்த்துப் பூட் இமேஜைத் தைத்துவிட்டு, "ரூட் வரவில்லை" என்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். இன்னொன்று கெர்னல்எஸ்யூ. பெயரே சொல்கிறது, அது கெர்னலுக்குள் உட்கார்ந்து அதிகாரம் தருகிறது.

வங்கி ஆப், யூபிஐ ஓடுமா?

நேர்மையான பதில்: இன்று ஓடலாம், நாளை நிற்கலாம்.

ஆப்கள் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையைக் கேட்கின்றன. அது பூட்லோடர் பூட்டியிருக்கிறதா என்று ஃபோனின் பாதுகாப்புச் சிப்பிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். அங்கே பொய் சொல்வது கடினம். சோதனையை ஏமாற்ற மாட்யூல்கள் வருகின்றன, கூகுள் அடைக்கிறது, மறுபடி வருகின்றன. இது முடிவில்லாத பூனை எலி விளையாட்டு. காய்கறிக்கடையில் கியூஆர் பலகைக்கு முன் நின்றுகொண்டு, "ஆப் திறக்கமாட்டேங்குதுண்ணே" என்று வழிவது நன்றாக இருக்காது. உங்கள் ஒரே ஃபோன் அதுதான் என்றால் விட்டுவிடுங்கள். இரண்டாவது ஃபோன் இருந்தால் விளையாடுங்கள்.

அப்புறம் வைட்வைன், அதாவது கட்டணப் படங்களை நகலெடுக்க விடாமல் காக்கும் பூட்டு. பூட்லோடர் திறந்ததும் சில ஃபோன்கள் எல்1 தரத்திலிருந்து எல்3-க்கு இறங்கும். அப்படி இறங்கினால் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை உயர்தரத்தில் ஓடாது.

ஜியோ சிம்மில் அழைப்பு போகவில்லை. ரோம் கெட்டதா?

ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. அழைப்பு என்றாலே வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகப் போகும் குரல். அதற்கான நிரல் ஒவ்வொரு சிப் கம்பெனியின் வெண்டர் கோப்புகளிலும் இருக்கிறது. ரோம் கட்டியவர் அதைச் சரியாக இணைக்காவிட்டால் இணையம் வரும், அழைப்பு வராது. ஏர்டெல் சிம் 2ஜிக்கு இறங்கியாவது மணி அடித்துவிடும். அதனால் "எனக்கு எல்லாம் ஓடுகிறது" என்று எழுதும் வெளிநாட்டுக்காரர் சொல்வதை நம்பி ரோம் ஏற்றாதீர்கள். நம் ஊர் சிம்மோடு ஓட்டியவர் ஒருவராவது சொல்லியிருக்கிறாரா என்று தேடுங்கள்.

எதையெல்லாம் பேக்கப் எடுக்க வேண்டும்?

படம், தொடர்பு எண், வாட்ஸ்அப் எல்லாம் நீங்களே எடுத்துவிடுவீர்கள். யாரும் எடுக்காதவை இரண்டு. ஒன்று, ஐஎம்இஐ எண்ணும் ரேடியோ அளவீடுகளும் இருக்கும் இஎஃப்எஸ் பார்ட்டிஷன். குவால்காம் ஃபோன்களில் மோடம்எஸ்டி1, எஸ்டி2 என்ற பெயர்களில் இருக்கும். இன்னொன்று, சென்சார் அளவீடுகள் இருக்கும் 'பெர்சிஸ்ட்'. இவை ஒவ்வொரு ஃபோனுக்கும் தனித்தனி. இணையத்தில் இறக்கிக்கொள்ள முடியாது. தெரியாமல் அழித்துவிட்டால் சிம் போட்டாலும் சிக்னல் இல்லாத ஃபோன் கையில் இருக்கும். அப்போது யாராவது, "வேற ஐஎம்இஐ எழுதித் தர்றேன்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐஎம்இஐயை மாற்றுவது இந்தியாவில் சட்டப்படி குற்றம்.

ரெக்கவரி வழியாக இந்த இரண்டையும் நகலெடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. நகலைக் கணினிக்கு மாற்றுங்கள். துடைக்கப்போகும் ஃபோனுக்குள்ளேயே பேக்கப்பை வைத்த ஆளையும் எனக்குத் தெரியும். நான்தான்.

ஃபோன் லோகோவிலேயே நிற்கிறது. செத்துவிட்டதா?

லோகோ தெரிகிறதா? அப்படியானால் சாகவில்லை. இதற்குப் பெயர் பூட்லூப். பூட்லோடர் உயிரோடு இருக்கிறது, அதற்கு மேலே ஏதோ ஒரு கிண்ணம் சரியில்லை. கடைசியாக எதைத் தொட்டீர்கள் என்று யோசியுங்கள். கெர்னலைத் தொட்டிருந்தால் பழைய பூட் இமேஜை ஏற்றுங்கள். ரோம் மாற்றியிருந்தால் பெரும்பாலும் காரணம் டேட்டா: பழைய ரோமின் என்கிரிப்ஷனோடு இருப்பதைப் புது ரோமால் திறக்க முடியவில்லை. வெறும் 'வைப்' போதாது, 'ஃபார்மட் டேட்டா' கொடுக்க வேண்டும். அதுதான் ரெக்கவரியில் 'யெஸ்' என்று டைப் செய்யச் சொல்லிக் கேட்பது.

திரையே வராமல், கணினியில் செருகினால் 'குவால்காம் 9008' என்று மட்டும் காட்டினால் அது இடிஎல் என்ற அவசரக் கட்டம்; பூட்லோடரே எழாத நிலை. இதைத்தான் ஹார்ட் பிரிக் என்பார்கள். மீட்க வழி உண்டு, ஆனால் சில கம்பெனிகள் அங்கீகரித்த கணக்கு இருந்தால்தான் அந்த வழியைத் திறக்கின்றன. அந்தக் கட்டத்தில் சர்வீஸ் கடைக்குப் போவதே நல்லது.

பழைய அதிகாரபூர்வ பதிப்புக்குத் திரும்பப் போகலாம்தானே?

எப்போதும் இல்லை. 2018-ல் ரெட்மி நோட் 5 ப்ரோ வைத்திருந்தவர்கள் இதில் பட்டார்கள். ஆன்டி ரோல்பேக் என்று ஓர் எண் ஃபோனுக்குள் பதிந்திருக்கும். புது அப்டேட் அந்த எண்ணை 4 ஆக உயர்த்தியது. அதற்குப் பிறகு, குறைந்த எண் கொண்ட பழைய பதிப்பைக் கணினி வழியாக ஏற்றியவர்களின் ஃபோன் செங்கல்லானது. ஃபாஸ்ட்பூட்டில் 'கெட்வார் ஆன்டி' என்று கேட்டால் எண் தெரியும். ஏற்றப்போகும் கோப்பின் எண் அதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

கஸ்டம் ரோமில் பாதுகாப்பு அப்டேட் மாதாமாதம் வருகிறதே, அது போதாதா?

பாதிதான் போதும். ஆண்ட்ராய்டு பகுதியின் ஓட்டைகள் அடைபடும். கெர்னலிலும் வெண்டரிலும் உள்ளவை தனிக்கதை. 2016-ல் வெளிவந்த டர்ட்டி கவ் என்ற ஓட்டை, 2007 முதலே லினக்ஸ் கெர்னலில் இருந்தது. அதை வைத்தே பல ஃபோன்களை ரூட் செய்தார்கள். நீங்கள் ரூட் செய்ய முடிந்தால் கெட்ட ஆப்பும் செய்ய முடியும்.

லீனியேஜில் செட்டிங்ஸ் போய்ப் பாருங்கள். ஆண்ட்ராய்டு பாதுகாப்பு நிலை என்று ஒரு தேதியும், வெண்டர் பாதுகாப்பு நிலை என்று வேறு தேதியும் காட்டும். இரண்டாவது தேதி பெரும்பாலும் கம்பெனி உங்கள் ஃபோனைக் கைவிட்ட மாதத்தில் நின்றிருக்கும். கெர்னலையாவது டெவலப்பர் புதுப்பிக்கலாம், மோடத்தின் ஃபர்ம்வேரை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. 4.9 கெர்னலுக்கு லினக்ஸ் தரப்பின் ஆதரவு 2023 ஜனவரியோடும், 4.14-க்கு 2024 ஜனவரியோடும் முடிந்தது. அந்தக் கெர்னல்களில் ஓடும் ஃபோன்களில் இனி யாராவது கையால் பொறுக்கியெடுத்து ஒட்டினால்தான் உண்டு.

இன்னொன்று. 'எஸ்இலினக்ஸ் பெர்மிசிவ்' என்று எழுதிய ரோம் எவ்வளவு வேகமானாலும் எனக்கு வேண்டாம். ஆப்களை அவற்றின் எல்லைக்குள் நிறுத்தும் காவலை வெறும் வேடிக்கை பார்க்க வைப்பதுதான் அது. டெவலப்பருக்கு ஒரு பிழையைத் திருத்த நேரமில்லை என்பதற்காக வீட்டுக் கதவைக் கழற்றி வைக்க முடியாது.

புது ஃபோன்களில் கெர்னல் மாற்றுவது எளிதாகிவிட்டது என்கிறார்களே?

ஒரு விதத்தில் ஆமாம். முன்பு ஒவ்வொரு ஃபோனுக்கும் ஒரு தனிக் கெர்னல். கூகுளிடமிருந்து சிப் கம்பெனி, அங்கிருந்து ஃபோன் கம்பெனி என்று ஒவ்வொருவரும் தங்கள் மாற்றங்களை அள்ளிப்போட்டது. ஆண்ட்ராய்டு 12-ஓடு 5.10 கெர்னலில் வந்த ஃபோன்களிலிருந்து ஜிகேஐ என்ற முறை கட்டாயமானது. நடுக் கெர்னல் கூகுள் கட்டியது, எல்லாருக்கும் பொது. ஃபோனுக்கே உரிய டிரைவர்கள் மாட்யூல்களாகத் தனிக் கிண்ணத்தில். நான் ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்த அந்த வைஃபைச் சிக்கலைத் தவிர்க்க, நடுக் கெர்னலுக்கும் மாட்யூலுக்கும் இடையே உறுதியான ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதனால் ஒரே கெர்னல் பல ஃபோனில் ஓடும். கெர்னல்எஸ்யூ இவ்வளவு பரவியதற்கும் இதுவே காரணம்.

எல்லாம் முடிந்ததும் பூட்லோடரைத் திரும்பப் பூட்டலாமா?

கஸ்டம் ரோம் உள்ளே இருக்கும்போது பூட்டாதீர்கள். பூட்லோடர் கையெழுத்தைத் தேடும், கிடைக்காது, ஃபோன் உள்ளே விடாது. பிக்சலில் கிராஃபீன்ஓஎஸ் போன்ற சில ரோம்கள் நல்ல விதிவிலக்கு; தங்கள் சாவியை ஃபோனில் பதித்துவிட்டுப் பூட்டச் சொல்கின்றன, அப்போது எச்சரிக்கை மஞ்சளாக வரும். மற்றபடி, முழு அதிகாரபூர்வ மென்பொருளையும் ஏற்றி, ஒருமுறை ஆன் செய்து பார்த்து, அப்புறம் பூட்டுங்கள். பூட்டும்போதும் டேட்டா அழியும்.

பூட்டிவிட்டால் ஃபோன் கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே ஆகிவிடுமா?

பெரும்பாலான ஃபோன்கள் ஆகிவிடும். சாம்சங் ஆகாது. அதன் சிப்புக்குள் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டுக்காக ஒரு மின் ஃபியூஸ் இருக்கிறது. கையெழுத்தில்லாத பூட் இமேஜையோ ரெக்கவரியையோ ஏற்றியதும் அது எரிந்து, டவுன்லோட் மோடில் 0 என்றிருந்த எண் 1 ஆகும். பிறகு எந்த மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அது 1 தான். செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் பேயும் அந்த ஃபோனில் மறுபடி வேலை செய்யாது. பழைய சாம்சங் வாங்கும்போது விற்பவர் பேசிக்கொண்டிருக்கையில் நான் டவுன்லோட் மோடுக்குப் போய் அந்த ஒரு எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.